பவர் சீரிஸ் எதுவரைக்கும் செல்லும்?

ஃபார்ம் சிக்ஸ் பிள்ளைங்ககிட்ட ஒரு பவர் சீரிஸ (எக்ஸ், எக்ஸ்², எக்ஸ்³-ன்னு பவர் ஏறிக்கிட்டே போற முடிவில்லாத கூட்டல்) குடுத்து இது எங்க கன்வெர்ஜ் ஆகும், அதாவது எக்ஸ் என்னவா இருந்தா கூட்டுத்தொகை ஒரு நம்பர்ல போயி நிக்கும், சீரிஸ் செல்லும்னு கேட்டா போதும், கை தானா ரேஷியோ டெஸ்ட் எழுத ஆரம்பிச்சிடும். அடுத்த டேர்ம முந்தின டேர்மால வகு, லிமிட் எடு, ஒண்ணுக்குக் கீழ வை, ஆன்சருக்குக் கீழ ரெண்டு கோடு போடு. மார்க் வந்துடும், அதை நான் குறை சொல்லல. ஆனா அந்த சீரிஸ் ஏன் சரியா அந்த இடத்துல போயி நிக்குதுன்னு திருப்பிக் கேட்டா பேந்தப் பேந்த முழிக்குதுங்க, புக்கும் அதைப் பத்தி வாயே திறக்குறதில்ல. எனக்கு இந்த சேப்டர் பிடிச்சதே அந்தக் கேள்விக்காகத்தான், அதனால இந்தப் பதிவு கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்குங்க.

நான் இருக்கிறது மலேசியால சுங்கை சிப்புட். கடை வீட்டு மாடில சாயங்காலம் ட்யூஷன். வர்ற பிள்ளைங்க பாதிக்கு மேல தோட்டத்துலருந்து டவுனுக்கு வந்த குடும்பம், தாத்தா பாட்டி கித்தா (ரப்பர்) மரம் வெட்டுனவங்க, இப்ப அந்தக் காடெல்லாம் செம்பனை ஆயிடுச்சு. அதுல ஒரு பொண்ணு, அப்பா செம்பனைக் குலை ஏத்துற லோரி ஓட்டுறாரு, அதிகம் பேசாது, ஆனா பேசுனா அன்னிக்கு கிளாஸ் அந்தக் கேள்வியோடவே முடிஞ்சிடும். அது கேட்டதச் சொல்றதுக்கு முன்னாடி ஒரு சின்ன விஷயம் பாத்துடலாம்.

எஸ்பிஎம்ல (ஃபார்ம் ஃபைவ் பரீட்சை) எட்மேத்ஸ் எடுத்த எல்லாருக்கும் ஜன்ஜாங் ஜியோமெட்ரி, அதாவது ஒரே நம்பரால பெருக்கிக்கிட்டே போற பெருக்குத் தொடர் தெரியும். 1 + 1/2 + 1/4 + 1/8 அப்படியே கூட்டிக்கிட்டே போனா 2. ஃபார்முலா என்னன்னா முதல் டேர்ம 1 − ஆர்-ஆல வகுக்கணும், ஆர்ங்கிறது ஒவ்வொரு தடவையும் பெருக்குற நம்பர், இங்க 1/2. அந்த ஆர் இருக்கிற இடத்துல எக்ஸ் போட்டுப் பாருங்க: 1 + எக்ஸ் + எக்ஸ்² + எக்ஸ்³ + ... = 1/(1 − எக்ஸ்). அவ்வளவுதான், பவர் சீரிஸ நீங்க ஃபார்ம் ஃபோர்லயே பாத்தாச்சு, பேருதான் சொல்லல. இதுல எக்ஸ் 2-ன்னு வச்சா இடது பக்கம் 1 + 2 + 4 + 8 ஏறிக்கிட்டே போகுது, வலது பக்கம் −1. கிளாஸ்ல இதை போர்டுல எழுதுனா சிரிப்பாங்க. சிரிச்சுட்டு, புக்ல ஓரமா சின்ன எழுத்துல இருக்கிற "ஆர் −1-க்கும் 1-க்கும் நடுவுல" அப்படிங்கிற கண்டிஷன அப்பதான் முதல் தடவையா படிப்பாங்க.

இப்ப அந்தப் பொண்ணோட கேள்வி, அது எல்என், அதாவது நேச்சுரல் லாக் பத்தி. எல்என்(1 + எக்ஸ்) = எக்ஸ் − எக்ஸ்²/2 + எக்ஸ்³/3 − எக்ஸ்⁴/4 + ... இது பழைய சீரிஸ், 1668-ல நிக்கோலஸ் மெர்கேட்டர் புஸ்தகமாப் போட்டது (உலக மேப் போட்ட மெர்கேட்டர் இல்ல, அவரு நூறு வருஷம் முந்தி). "அண்ணே, எல்என் 3 கால்குலேட்டர்ல 1.0986-ன்னு ஒழுங்கா வருது. இந்த சீரிஸ்ல எக்ஸ் 2-ன்னு போட்டா மட்டும் ஏன் கிறுக்குப் பிடிச்ச மாதிரி ஓடுது? எல்என் 3 இருக்குதானே, அது என்ன தப்பு பண்ணுச்சு?"

அது போட்டுப் பாத்துட்டு வந்துதான் கேட்டுச்சு. ஒவ்வொரு டேர்மா கூட்டிக்கிட்டே போனா 2, அப்புறம் 0, அப்புறம் 2.667, −1.333, 5.067, −5.6. ஊஞ்சல் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பெருசாகிக்கிட்டே போகுது, 1.0986 பக்கம் அது திரும்பிக்கூடப் பாக்கல.

ஏன் பெருசாகுதுங்கிறது ஈஸியான பாதி. 100-ஆவது டேர்ம்லருந்து 101-ஆவது டேர்முக்குப் போறப்ப மேல 2-ஆல பெருக்குறோம், கீழ 100 இருந்த இடத்துல 101 வருது. அப்ப மொத்தமா 2 × 100/101, கிட்டத்தட்ட 1.98. இன்னும் தூரம் போனா இன்னும் 2-கிட்ட நெருங்கும். அதாவது தொலைவுல போயிப் பாத்தா இந்த சீரிஸ் 2-ஆல பெருக்கிக்கிட்டே போற ஜன்ஜாங் ஜியோமெட்ரி மாதிரி நடந்துக்குது, அது எப்படி உருப்படும்? ரேஷியோ டெஸ்ட்னு பயமுறுத்துறது இதத்தான். தாலம்பேர்ங்கிற பிரெஞ்சு கணிதக்காரர் பேருல இருக்கிற டெஸ்ட் அது, ஒரு சீரிஸோட வால் எந்த ஜன்ஜாங்க ஒத்துப் போகுதுன்னு பாக்குது, அந்த ரேஷியோ 1-க்குக் கீழன்னா கன்வெர்ஜ், மேலன்னா டைவெர்ஜ். எல்என் சீரிஸ்ல எக்ஸ் எதுவா இருந்தாலும் ரேஷியோ அந்த எக்ஸோட சைஸுக்கே போயி நிக்கும், அதனால −1-க்கும் 1-க்கும் நடுவுல செல்லும், அதுக்கு வெளிய செல்லாது.

பரீட்சைக்குப் போறவங்களுக்காக ஒண்ணு செஞ்சு காட்டிடறேன். (எக்ஸ் − 2)-ஓட பவர் ஒவ்வொண்ணா மேல, கீழ முதல் டேர்முல 1 × 3, ரெண்டாவதுல 2 × 9, மூணாவதுல 3 × 27, இப்படி. ரேஷியோ எடுத்தா (எக்ஸ் − 2)/3-ஓட சைஸ் மிஞ்சும், அது 1-க்குக் கீழ இருக்கணும்னா எக்ஸ் 2-லருந்து 3 தூரத்துக்குள்ள இருக்கணும், −1-லருந்து 5 வரைக்கும். செண்டர் 2, ரேடியஸ் 3. இதுவரைக்கும் எல்லாரும் வந்துடுவாங்க. தடுக்கி விழுற இடம் வேற: எக்ஸ்², எக்ஸ்⁴, எக்ஸ்⁶-ன்னு இரட்டைப்படை பவர் மட்டும் இருந்து கீழ 4, 16, 64-ன்னு போனா, ரேடியஸ் 4-ன்னு எழுதிட்டு வந்துடறாங்க. ரேஷியோல மிஞ்சுறது எக்ஸ்²/4, அது 1-க்குக் கீழன்னா எக்ஸ் 2-க்குள்ள. கோயஃபிஷியண்ட்ட (எக்ஸோட பவர் கூட ஒட்டியிருக்கிற நம்பர) மட்டும் வகுத்துட்டு எக்ஸ மறந்துட்டா வர்ற வினை.

சரி, ஓரம்? ரேடியஸ் 1-ன்னா எக்ஸ் சரியா 1-ல என்ன ஆகும்? அங்க ரேஷியோ எப்பவும் 1-ன்னு வரும், டெஸ்ட் கைய விரிச்சிடும், நாமதான் தனித்தனியா போயிப் பாக்கணும். இதுக்கு இருக்கிறது ஒண்ணோ ரெண்டோ மார்க், பிள்ளைங்க விட்டுட்டு அடுத்த கேள்விக்குத் தாவிடறாங்க, எனக்கு அங்கதான் ருசி. மூணு சீரிஸ் எடுத்துக்குவோம், மூணுக்கும் ரேடியஸ் 1. முதல்ல வெறும் எக்ஸோட பவர்ங்க மட்டும்: 1-லயும் செல்லாது, −1-லயும் செல்லாது, டேர்ம் சின்னதாகவே இல்லையே. ரெண்டாவது, கீழ 1, 2, 3, 4 போட்டு வகுத்தது: 1-ல செல்லாது, −1-ல செல்லும். மூணாவது, கீழ 1, 4, 9, 16: ரெண்டு ஓரத்துலயும் செல்லும், 1-ல அது பை²/6, 1734-ல ஆய்லர் கண்டுபிடிச்சு பேரு வாங்குனது.

ரெண்டாவது கேஸ்ல 1 + 1/2 + 1/3 + 1/4 செல்லாதுன்னு சொன்னா யாரும் நம்பமாட்டாங்க, நம்பக்கூடாதுதான். டேர்ம் ஒவ்வொண்ணும் சின்னதாகிக்கிட்டே வருது, கூட்டுத்தொகை நகர்றதே தெரியல. அது 10-ஐத் தாண்டவே 12,367 டேர்ம் ஆகும், 20-ஐத் தாண்ட 27 கோடிக்கு மேல. எந்த கால்குலேட்டர்ல தட்டுனாலும் இது எங்கயோ நின்னுடுச்சுன்னுதான் தோணும். ஆனா 14-ஆம் நூற்றாண்டுலயே ஃபிரான்ஸ்ல நிக்கோல் ஒரெம் இதுக்கு வழி சொல்லிட்டாரு: 1/3 + 1/4 அரைக்கு மேல, அடுத்த நாலு சேத்தா அரைக்கு மேல, அடுத்த எட்டு சேத்தா அரைக்கு மேல, அரை அரையா எத்தனை வேணும்னாலும் வந்துக்கிட்டே இருக்கும், அப்புறம் எப்படி நிக்கும். கண்ண நம்பாம கூட்டம் பிரிச்சுப் பாத்த மனுஷன்.

இப்ப எல்என் சீரிஸுக்குத் திரும்பி வாங்க. எக்ஸ் −1-ன்னு வச்சா எல்லா டேர்மும் மைனஸ் ஆகி, அந்த 1 + 1/2 + 1/3-ஏ மைனஸோட வருது, பாதாளத்துக்குப் போகுது. போகத்தான் வேணும், ஏன்னா அது எல்என் 0, அப்படி ஒண்ணே கிடையாது. அந்தப் பக்கம் குழி கண்ணுக்குத் தெரியுது. இந்தப் பக்கம் எக்ஸ் 1-ல எல்என் 2, 0.693, சீரிஸும் மெதுவா அங்க வந்து சேருது. அதைத் தாண்டி எல்என் 3, எல்என் 4, எல்லாம் நல்ல நம்பர், ஒரு குழியும் இல்ல. பொண்ணு கேட்டது இதத்தான், நல்லா இருக்கிற பக்கம் ஏன் போக முடியல?

தோட்டத்துல மாடு கட்டுறத வச்சுதான் சொன்னேன், அதோட தாத்தா மாடு வச்சிருந்தவரு. முளை அடிச்சு மாட்டக் கட்டுறோம். ஒரு பக்கம் பாரிட் (வாய்க்கால்) இருக்கு, மாடு அதுல விழக்கூடாது, அப்ப கயிறு பாரிட்டத் தொடுற அளவுக்கு மேல விட முடியாது. மறுபக்கம் ஒரு மைலுக்குப் புல்லா இருந்தாலும் சரி, கயிறு அதே நீளம்தான், மாடு அந்தப் புல்லப் பாத்துக்கிட்டு நிக்க வேண்டியதுதான். எல்என் சீரிஸுக்கு முளை 0-ல, பாரிட் −1-ல, கயிறு 1. எல்என் 3 கேக்கிற எக்ஸ் 2 கயிறுக்கு வெளிய. எல்என் 3 மேல ஒரு தப்பும் இல்ல.

"அப்ப முளைய நகத்தி அடிங்க" அப்படின்னுச்சு. அதேதான். இப்ப (1 + எக்ஸ்)-அ விட்டுட்டு நேரா எல்என் மேலயே பேசலாம்: குழி 0-ல, முளைய 2-ல அடி, குழிக்கு தூரம் 2, கயிறும் 2, அப்ப 4 வரைக்கும் போகலாம், 3 நடுவுலயே இருக்கு. எல்என் 2-ஓட 1/2 − 1/8 + 1/24 − 1/64-ன்னு கூட்டிக்கிட்டே போனா சமத்தா 1.0986-க்கு வந்து சேரும். இன்னொரு வழி அதைவிட வேகம்: 3-ன்றத (1 + 1/2)-அ (1 − 1/2)-ஆல வகுத்ததுன்னு எழுதிட்டு ரெண்டு எல்என் சீரிஸையும் கழிச்சா இரட்டைப்படை டேர்ம் எல்லாம் அடிபட்டுப் போயி 2 × (1/2 + 1/24 + 1/160 + 1/896 + 1/4608 + ...)-ன்னு நிக்கும், இந்த அஞ்சு டேர்முலயே 1.0985 வந்துடுச்சு.

கதை இதோட முடிஞ்சிருந்தா நான் பதிவே எழுதியிருக்க மாட்டேன். 1/(1 + எக்ஸ்²) வரைஞ்சு பாருங்க. நடுவுல 1 உயரம், ரெண்டு பக்கமும் வழுவழுன்னு இறங்குது, எங்கயும் உடையல, கீழ இருக்கிற 1 + எக்ஸ்² ஜீரோ ஆகவே ஆகாது. குழியே இல்லாத ரோடு. ஆனா சீரிஸ் எழுதுனா 1 − எக்ஸ்² + எக்ஸ்⁴ − எக்ஸ்⁶ + ..., அது 1-ஐத் தாண்டாது. எக்ஸ் 2-ல உண்மை 0.2, சீரிஸ் 1, −3, 13, −51-ன்னு ஓடுது. இந்தத் தடவ ரெண்டு பக்கமும் புல்லு, ரெண்டு பக்கமும் போக முடியல. அப்ப பாரிட் எங்க?

ரோட்டுக்குப் பக்கவாட்டுல. எக்ஸ்² = −1 ஆகணும்னா எக்ஸ் ஐ-யா இருக்கணும், இல்ல −ஐ. காம்ப்ளெக்ஸ் நம்பர்னு சொல்லிட்டு ஆர்காண்ட் டயகிராம் போட வைக்கிறாங்களே, அங்க 0-லருந்து நேரா மேல 1 தூரத்துல ஒரு குழி, நேரா கீழ 1 தூரத்துல இன்னொண்ணு. நாம ரியல் லைன்ல நடக்கிறதால பாக்கல. மாடு ரோட்டுல மட்டுமா நடக்கும், கயிறு சுத்திவர இருக்கு, வட்டம். அதனாலதான் ரேடியஸ்னு பேரே வச்சிருக்காங்க, வெறும் கோட்டுல நடக்கிற விஷயமா இருந்தா எதுக்கு ரேடியஸ்? ரியல் நம்பர் மட்டுமே இருக்கிற ஒரு கணக்குல ஏன் பதில் 1-ன்னு கேட்டா, அதுக்குக் காரணம், "இல்லாத நம்பர்"னு நாம சின்ன வயசுல ஒதுக்கி வச்சதுல இருக்கு. இதை முதல் தடவ படிச்சப்ப எனக்கு உடம்பு சிலிர்த்துச்சு, இப்பவும் கிளாஸ்ல சொல்றப்ப குரல் கொஞ்சம் ஏறிடும், கீழ் கடை அங்கள் எட்டிப் பாப்பாரு.

நம்பலன்னா முளைய நகத்திப் பாருங்க. 1-ல அடிச்சா ஐ-க்கு தூரம் √2, அதாவது 1.414, அப்ப 2.414 வரைக்கும் போகும், எக்ஸ் 2 இப்ப உள்ள. சீரிஸோட கோயஃபிஷியண்ட் கணக்குப் பண்ணா 1/2, −1/2, 1/4, 0, −1/8, 1/8, −1/16, 0, 1/32-ன்னு வரும். எக்ஸ் 2-ல கூட்டிக்கிட்டே போங்க: 0.5, 0, 0.25, 0.25, 0.125, 0.25, 0.1875, 0.1875, 0.21875. இழுத்துக்கோ பறிச்சுக்கோன்னு 0.2-ஐச் சுத்தி நெருங்குது. ஐ-ன்னு ஒண்ண நினைக்கவே இல்லாம வெறும் கூட்டல் கழித்தல்ல செஞ்சது, ஆனா √2 தூரத்துக்கு அது கட்டுப்படுது.

இங்க ரேஷியோ டெஸ்ட் போட்டா மாட்டிக்குவீங்க, நாலுக்கு ஒரு கோயஃபிஷியண்ட் 0, ஜீரோவால எப்படி வகுக்கிறது. இதுக்குத்தான் ரூட் வச்சுப் பாக்கிற முறை: பத்தாவது கோயஃபிஷியண்டுக்கு பத்தாவது ரூட், நூறாவதுக்கு நூறாவது ரூட், இப்படிப் போறப்ப அதுங்கள்ல பெரிசா நிக்கிறது எங்க போயி சேருதோ அதைத் தலைகீழாப் போட்டா ரேடியஸ். கோஷி 1821-லயே புக்ல போட்டது, அப்புறம் எல்லாரும் மறந்துட்டாங்க, 1888-ல ஹடமார்ட் திரும்பக் கண்டுபிடிச்சாரு, ரெண்டு பேர் பேரும் சேந்து நிக்குது.

இந்த 1/(1 + எக்ஸ்²)-ஐ இண்டெகிரேட் பண்ணா டான் இன்வெர்ஸ்: எக்ஸ் − எக்ஸ்³/3 + எக்ஸ்⁵/5 − ... ரேடியஸ் மாறாது, அதே 1, ஆனா ஓரம் மட்டும் மாறிடுது, இப்ப 1-லயும் செல்லும். அங்க போட்டா பை/4 = 1 − 1/3 + 1/5 − 1/7. வாட்ஸப்ல வர்ற "எல்லாத்தையும் நம்மாளு அப்பவே கண்டுபிடிச்சிட்டான்" மெசேஜ் எனக்கு அலர்ஜி, எதையும் ஃபார்வேர்ட் பண்றதில்ல, ஆனா இது நெசம். ஐரோப்பால கிரிகோரியும் லைப்னிட்ஸும் 1670-கள்ல எழுதுனது, கேரளத்துல சங்கமகிராமத்து மாதவன் பேருல 14-ஆம் நூற்றாண்டு கடைசிலருந்து வழங்குது, 1530 வாக்குல ஜ்யேஷ்டதேவன் மலையாளத்துல எழுதுன யுக்திபாஷைல விளக்கத்தோடவே இருக்கு. எனக்கு அதுல பிடிச்சது வேற: ஓரத்துல கூட்டுனா அந்த சீரிஸ் ஆமை வேகம், 4, 2.667, 3.467, 2.895, இதுல எப்ப பை வர்றது. கேரளத்துக்காரங்க உள்ள தள்ளி வந்துட்டாங்க, எக்ஸ் = 1/√3, அதாவது 30 டிகிரி. அப்ப டேர்ம் ஒவ்வொண்ணும் முந்தினதுல மூணுல ஒரு பங்குக்கும் கீழ இறங்கிடும்: √12 × (1 − 1/9 + 1/45 − 1/189 + ...), 3.464, 3.079, 3.156, 3.138. இப்படித்தான் மாதவன் பேருல 11 தசம இடம் வரைக்கும் சரியான பை நிக்குது. ஓரத்துல செல்லும்னு தெரிஞ்சும் ஓரத்துல நிக்காத ஆளுங்க.

குழியே இல்லாத ஃபங்ஷனும் இருக்கு, ஈ-யோட எக்ஸ்-ஆவது பவர். கீழ ஃபேக்டோரியல் (1 × 2 × 3-ன்னு பெருக்கிக்கிட்டே போறது) வர்றதால கயிறே கிடையாது, எங்க வேணும்னாலும் செல்லும். தியரில. எக்ஸ் −10-ன்னு போட்டு கையால கூட்டிப் பாருங்க, நடுவுல 10-ஆவது டேர்ம் மட்டும் 2755.73, ப்ளஸும் மைனஸுமா ஆயிரக்கணக்குல ஒண்ண ஒண்ணு அடிச்சு கடைசில மிஞ்ச வேண்டியது 0.0000454. ரெண்டு தசம இடம் வச்சு ரவுண்ட் பண்ற பிள்ளைக்கு மைனஸ்லயே ஆன்சர் வந்தாலும் வரும். +10-ல கூட்டி 1-ஐ அதால வகுக்கிறவன் பொழைச்சான். அதே ஃபேக்டோரியல் மேல போயிட்டா எதிர்க் கோடி: 1 + எக்ஸ் + 2எக்ஸ்² + 6எக்ஸ்³ + 24எக்ஸ்⁴, எக்ஸ் 0-ல மட்டும் செல்லும், வேற எங்கயும் இல்ல, கயிறு நீளம் ஜீரோ.

அன்னிக்கு எல்லாம் முடிச்சு பேக் பண்றப்ப அந்தப் பொண்ணு படிக்கட்டு வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்துச்சு. "அண்ணே, முளைய ஐ மேலயே அடிச்சா?"

பாரிட்டுக்குள்ளயே முளை. அங்க சாதாரண பவர் சீரிஸ் எழுதவே முடியாது, 1/(எக்ஸ் − ஐ)-ன்னு மைனஸ் பவரும் சேத்துக்கணும், அப்படிச் சேத்தா குழிய மட்டும் விட்டுட்டு அதைச் சுத்தி செல்லும், அடுத்த குழி −ஐ வரைக்கும், தூரம் 2. லோரான் சீரிஸ்னு பேரு, 1843 சமாச்சாரம், எஸ்டிபிஎம்ல (ஃபார்ம் சிக்ஸ் பரீட்சை) கிடையாது, யூனிவர்சிட்டில வரும்னேன். சரிண்ணேன்னுட்டு, எக்ஸாம்ல வராததுன்னா நோட்டுல எதுல எழுதுறதுன்னு கேட்டுச்சு. கடைசிப் பக்கத்துல எழுதிக்கச் சொன்னேன்.